சிக்னல் சரியில்ல மேடம்!

பெட்ரோல் பங்க்கில் நின்று அழுத ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனால், அழுதிருக்கிறேன்.

2023ஆம் வருடம், ஜூன் மாதத்து சாயங்காலம். ஆபீஸ் முடிந்து மடிப்பாக்கம் திரும்பும் வழியில் பைக்குக்கு பெட்ரோல் போட நின்றேன். பங்க் பையன் வழக்கம்போல, ‘ஜீரோ பாத்துக்கங்க சார்’ என்றான். பார்த்தேன். அவ்வளவுதான். கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார். எட்டி என் முகத்தைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தப் பையன், ‘சார், கண்ல தூசியா?’ என்றான். ‘ஆமாப்பா’ என்றேன்.

‘ஜீரோ பாத்தியா?’ என்பது என் அப்பாவின் வசனம். நான் முதன்முதலாக டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டிய காலத்திலிருந்து, எப்போது பெட்ரோல் போட்டுவிட்டு வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார். கூட்டுறவு வங்கியில் 31 வருடம் கேஷியராக இருந்தவர். கணக்கு பத்து பைசா உதைத்தால்கூட, ராத்திரி எத்தனை மணியானாலும் உட்கார்ந்து டேலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். ஒழுங்காக முகம் பார்க்கவில்லை. சுற்றிக் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மின்மயானத்தில் பத்து நிமிஷம் நின்றேன். முடிந்தது.

அப்போது நான் அழவில்லை. நேரம் இல்லை. இறப்புச் சான்றிதழ், பேங்க், இன்ஷூரன்ஸ், அம்மாவின் ஆக்சிஜன் அளவு என்று ஓடிக்கொண்டே இருந்தேன்.

நான் பி.காம். படித்தவன். ட்ரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? வித்தியாசப்படும் தொகையை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு தலைப்பில் எழுதி, தற்காலிகமாக டேலி செய்துவிடுவோம். தமிழில் அனாமத்துக் கணக்கு. பின்னால் தப்பைக் கண்டுபிடித்து அதை நேர் செய்ய வேண்டும். நான் அப்பாவை அனாமத்தில் எழுதிவிட்டு, இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தையே புரட்டவில்லை. பெட்ரோல் பங்க்கில்தான் ஆடிட் நடந்தது!

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். ப்ளஸ் டூ படிக்கும் மகள் டம்ளரைக் கீழே போட்டாள் என்பதற்காக, பக்கத்து ஃப்ளாட் வரை கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் அன்றிலிருந்து நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மனைவி ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்: ‘யாரையாவது போய்ப் பாருங்களேன். எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா, நீங்க இங்க இல்ல.’

‘யாரையாவது’ என்றால் யாரை?

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பத்திரிகைக்காரன். தற்கொலைச் செய்திகளுக்குக் கீழே, ‘மன அழுத்தமா? அழையுங்கள்’ என்று பெட்டி கட்டி நம்பர் போடுகிற வேலையைப் பல வருடங்களாகச் செய்திருக்கிறேன். 1986இல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட ‘சிநேகா’ அமைப்பின் நம்பர், அரசாங்கத்தின் 104, 2022 அக்டோபரிலிருந்து 14416... எல்லாம் என் கை வழியாகத்தான் அச்சுக்குப் போயின. ஆனால், அதெல்லாம் வாசகர்களுக்கு! எனக்கு என்று வரும்போது விரல் நகரவில்லை.

ஏன் என்று யோசித்தால், வெட்கமாக இருக்கிறது. ‘இவன் கீழ்ப்பாக்கம் கேஸ்டா’ என்று கல்லூரியில் எத்தனை பேரைக் கிண்டல் செய்திருப்பேன்! 1794லேயே தொடங்கி, இருநூறு வருடத்துக்கும் மேலாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனை அது. அதை நாம் ஒரு கெட்ட வார்த்தையாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு இப்போது என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம்தான்.

அம்மாவிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். ‘குணசீலம் போய்ட்டு வந்துடுப்பா’ என்றாள். திருச்சிக்குப் பக்கத்தில், மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பெருமாள் கோயில். போனேன். கும்பிட்டேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால், மூன்று மணி முழிப்பு நிற்கவில்லை.

கடைசியில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். இப்போது யோசித்தால், முதலில் போயிருக்க வேண்டிய இடமே அதுதான். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு, சர்க்கரை, பி12. ‘இதுல கோளாறு இருந்தாலும் மனசு இப்படித்தான் இருக்கும். முதல்ல அதைப் பாத்துடுவோம்’ என்றார். எல்லாம் சரியாகவே இருந்தன. சில நோயாளிகளுக்கு நோய் இல்லை என்றால் சந்தோஷம் வரும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது!

தேட ஆரம்பித்தேன். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சலர்... மூன்று பேரும் ஒன்றா?

இல்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவார். அதற்கென்று தனிப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும். கவுன்சலர் என்ற பெயரில் நன்றாகப் படித்த, அனுபவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நாலு வாரம் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆடிட்டரும், ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் ஃபாரம் பூர்த்தி செய்து தருகிறவரும் ஒருவரல்லவே!

இது தெரியாமல், நான் முதலில் போய் விழுந்தது ஒரு போர்டிடம். ஐம்பது நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் அவரே பேசினார். ‘பாஸிட்டிவா இருங்க சார். உங்களைவிடக் கஷ்டப்படறவங்களை நினைச்சுப் பாருங்க’ என்றார். கிளம்பும்போது அவரே எழுதிய தன்னம்பிக்கைப் புத்தகத்தையும் தலையில் கட்டினார். ஃபீஸ் 1,500. புத்தகம் தனி!

அடுத்து, ஒரு மொபைல் ஆப். இருபது, இருபத்தைந்து கேள்விகள். பதில் சொன்னால் உங்களுக்குப் பொருத்தமான தெரபிஸ்ட்டை அதுவே தேடித் தரும். கல்யாணப் பொருத்தம் மாதிரி! மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றது. நல்லவேளை, ஒரு மாதம்தான் கட்டினேன். எனக்குக் கிடைத்தவர் வடக்கே ஒரு நகரத்தில் இருந்த இளம்பெண். கெட்டிக்காரி. பொறுமைசாலி. ஆனால், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் வரும். பேட்டி எடுக்கும் அளவுக்கு வரும். பிரச்னையே அதுதான். நான் என் அப்பாவைப் பற்றி செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் உறைத்தது... என் அப்பா ஆங்கிலத்தில் சாகவில்லை!

அந்த ஆப்பை அழித்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் அதில் உண்மையைச் சொல்லியிருந்தேனே என்ற உறுத்தல் அப்புறம்தான் வந்தது. அது வீண் பயமும் இல்லை. 2023இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், அங்கே பிரபலமான ஓர் ஆன்லைன் தெரபி நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளர்களின் இமெயில் முகவரிகளையும், அவர்கள் தந்த சில தகவல்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது புகார். 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன், ‘நான் சொல்றது எங்கே பதிவாகுது, யார் பார்ப்பாங்க?’ என்று கேளுங்கள். நம் நாட்டில் 2017ஆம் வருடத்து மனநலச் சட்டமே, ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்கிறது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மூன்றாவது முறை, எங்கள் டாக்டரே ஒரு பெயரைச் சொன்னார். மதுரையில் இருக்கும் மருத்துவ உளவியலாளர். ஐம்பது வயதிருக்கும். ‘ஆன்லைன்லயும் பாக்கறாங்க. தமிழ்ல பேசலாம்’ என்றார்.

எனக்கு உள்ளூர சந்தோஷம். மதுரை என்றால் தெரிந்தவர் யாரும் பார்க்கப் போவதில்லை. வெயிட்டிங் ஹாலில் உட்கார வேண்டாம். கர்ச்சீப்பால் முகத்தை மூட வேண்டாம். ஆன்லைனே எனக்குச் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் போனில் நான் கேள்விகள் கேட்டேன். படிப்பு, பதிவு எண், ஃபீஸ், எத்தனை வாரம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ‘எத்தனை வாரம்னு இப்பவே சொன்னா அது ஜோசியம் சார். நாலு தடவை பேசிட்டு, பலன் இருக்கான்னு ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்’ என்றார். அப்புறம் அவர் கேட்டார்.

‘வீட்ல கதவைச் சாத்திட்டு, ஒரு மணி நேரம் தனியா உக்கார இடம் இருக்கா?’

‘நீங்க பேசற இடத்தோட முழு முகவரி சொல்லுங்க. அவசரம்னா நான் யாருக்கு போன் பண்ணணும்?’

‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’

மூன்றாவது கேள்வியை அவர் காய்கறி விலை கேட்பதுபோல சாதாரணமாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி வருவதில்லை. கேட்டால் பலருக்கும் பாரம்தான் குறைகிறது. ‘இல்ல மேடம்... அந்த அளவுக்கு இல்ல’ என்றேன். ‘சரி. தோணுச்சுன்னா அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. அப்ப திரை போதாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நேர்ல போகணும்’ என்றார்.

சிக்கல் முதல் கேள்வியில்தான். எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஒன்றில் அம்மாவும் மகளும். ஹாலில் டி.வி. எங்கே கதவைச் சாத்துவது? கடைசியில் இடம் கண்டுபிடித்தேன். கீழே பார்க்கிங்கில் நிற்கும் என் பழைய கார்!

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பேசுவேன். முதல் வாரமே வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். ‘சார், ஏசி போட்டுட்டு நின்ன எடத்துலயே உக்காந்திருக்காதீங்க... ஆபத்து!’ அடுத்த வாரத்திலிருந்து ஏசி இல்லை. வேர்வையும் கண்ணீரும் கலந்து ஒழுகும். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை நான் ‘ஆபீஸ் மீட்டிங்’கில் இருந்தேன்.

நாலு வாரம் நன்றாகப் போயிற்று. மூன்று மணி முழிப்பு நாலரை ஆனது. ஐந்தாவது வாரம் அவர் கேட்டார்: ‘அப்பா உங்ககிட்ட கடைசியா எப்ப பேசினார்?’

நான் ஒரு நொடி திரையைப் பார்த்தேன். ‘மேடம்... ஹலோ... மேடம், சிக்னல் சரியில்ல மேடம்’ என்றேன். சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

போனில் சிக்னல் முழுசாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் திரையில் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ‘சிக்னல் சரியாயிடுச்சா சார்?’ என்று சிரித்தார். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நானும் சிரித்தேன். அப்புறம் அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

‘வர முடியாதவங்களுக்கு ஆன்லைன் ஒரு நல்ல கதவு சார். நீங்க அதை எதுக்கு வச்சிருக்கீங்க... உள்ள வர்றதுக்கா, தப்பிச்சு ஓடறதுக்கா? ஒரே ஒரு தடவை நேர்ல வாங்களேன். என் ரூம்ல சிவப்புப் பட்டன் கிடையாது.’

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி அறை. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு டிஷ்யூ டப்பா. கீழே யாரோ இளநீர் விற்கிற சத்தம். அங்கே உட்கார்ந்து முதன்முறையாகச் சொன்னேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாலாவது நாள், இதழ் முடிக்கும் ராத்திரி. 11.40க்கு அவரிடமிருந்து போன் வந்தது. பக்கங்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அதை எடுத்தேன்.

அவ்வளவுதான் என் அனாமத்து. மனைவிக்குக்கூடத் தெரியாது.

‘உங்க தப்பு இல்ல’ என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம், ‘எடுத்திருந்தா என்ன கேட்டிருப்பார்?’ என்றார்.

யோசித்தேன். என்னை அறியாமல் வாயில் வந்தது. ‘சார்ஜர் கேட்டிருப்பார் மேடம். அவர் போன்ல சார்ஜே நிக்காது. தினமும் ராத்திரி, நாளைக்கு வரும்போது நல்ல சார்ஜரா ஒண்ணு குடுத்து அனுப்புன்னுதான் சொல்லிட்டிருந்தார்...’

சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது. எழுந்து ஓட முடியவில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே! அந்த அறையில் அழுத அழுகைதான் மின்மயானத்தில் அழுதிருக்க வேண்டியது.

ஊருக்குத் திரும்பி, மனைவியிடம் சொன்னேன். அப்புறம் நாலு முறை மறுபடி ஆன்லைனில், அதே காரில் பேசினேன். இந்த முறை சிக்னல் போகவில்லை! மொத்தம் 11 முறை. ஒரு தடவைக்கு 1,200 வீதம் 13,200 ரூபாய். மதுரை ரயில் செலவு தனி. அதே வருடம் காருக்கு நாலு டயர் மாற்ற இதைவிட அதிகம் கொடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எனவே, ஆன்லைன் தெரபி சரியா, தப்பா என்று என்னிடம் கேட்டால், உங்கள் வீட்டைப் பொறுத்தது என்பேன். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பல பிரச்னைகளுக்கு, வீடியோவில் பேசுவதும் நேரில் பேசுவதற்கு ஏறக்குறைய ஈடாகவே பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இது ஒன்றும் நேற்று வந்த மோஸ்தர் இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010லேயே புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரையும் கேமராவும். சென்னையிலிருந்து டாக்டர் திரையில் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். மனநல மருத்துவரைக் கண்ணால் பார்த்திராத ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான மத்திய அரசின் நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வந்தன. ஊரடங்கு ஆரம்பித்த அதே நாள்!

ஆனால், இல்லாத குரல் கேட்கிறது, உயிரை விடத் தோன்றுகிறது, குடியை நிறுத்தியதும் கை நடுங்குகிறது என்றால் திரை வேண்டாம். நேரில் போங்கள். அடிக்கிற ஆள் அடுத்த அறையிலேயே இருக்கிறார் என்றாலும், வீட்டிலிருந்து பேசாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கிடையாது. 14416க்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே. இப்போதெல்லாம் ஏஐயிடம் மனசைக் கொட்டுகிறவர்களும் உண்டு. ராத்திரி மூன்று மணிக்கும் அது பதில் சொல்லும். ஆனால், நாம் பாதியில் எழுந்து ஓடிப்போனால், அடுத்த சனிக்கிழமை, ‘சிக்னல் சரியாயிடுச்சா?’ என்று அது சிரிக்காது.

போன மாதம் ஒரு நாள், பார்க்கிங்கில் வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

‘சார்... முன்னாடி சனிக்கிழமையான கார்ல உக்காந்து யார்கிட்டயோ பேசுவீங்களே... அழுவீங்க. நான் பாத்திருக்கேன். தப்பா நெனைக்காதீங்க.’

‘சொல்லுங்கண்ணே.’

‘எம் பையன் ஆறு மாசமா யார்கிட்டயும் பேச மாட்றான் சார். வேலைக்கும் போறதில்ல. அந்த மாதிரி யார்கிட்டயாவது...’

14416ஐ அவருடைய நோட்டில் பெரிசாக எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்கு நானே கூட வருவதாகவும் சொன்னேன். ‘இன்னிக்கு சும்மா போன்ல பேசிப் பாக்கட்டும்’ என்றேன்.

அவர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன்னுடைய அறையைத் திரும்பிப் பார்த்தார். ‘அங்க நாலு பேர் இருக்கோம் சார். எங்க உக்காந்து பேசுவான்?’

நான் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.